பவுனு பெருசா, மயிலு பெருசா

கண்டக்டர் சத்தியமூர்த்தியிடம் டிக்கெட் கேட்பவர்களைவிடத் தீர்ப்புக் கேட்பவர்கள்தான் அதிகம். காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் நடுவே போய் வருகிற பஸ். ஏறும்போதே ஒருவர், "சத்திண்ணே, அந்தக் காலத்துக் குதிரை பவுனையும் இப்ப ஓடுற மயிலையும் ஒண்ணா நிறுத்திக் கொடி அசைச்சா எது முந்தும்?" என்று கொளுத்திப் போடுவார். அவ்வளவுதான். ஒக்கூரில் இறங்க வேண்டியவர் அடுத்த ஊரில் இறங்கித் திட்டிக்கொண்டே நடந்து வருவார். சத்தியமூர்த்தி விசில் கொடுக்க மறந்து குதிரைகளோடு ஓடிக்கொண்டிருப்பார்.

வயது ஐம்பத்தைந்து. ஒக்கூருக்குக் கிழக்கே கீழநெடுங்குளத்துக்காரர். காக்கிச் சட்டை போட்டால் கண்டக்டர். லீவு போட்டால், சுற்றுப்பட்டில் எங்கே குதிரை வண்டிப் பந்தயம் நடந்தாலும் ஜீப்பில் ஏறி மைக் பிடிக்கிறவர். நல்ல குரல். அவர் வர்ணனை சொன்னால், முதுகைக் காட்டி நிற்கிறவனுக்கும் குதிரை தெரியும். அவர் மனைவி தேவிகா சொல்வது வேறு. "கலியாணம் ஆன தேதியக் கேட்டா முழிப்பாரு. தொண்ணூறாம் வருசம் மூணாவதா வந்த குதிரைக்கு எந்தக் கால் வெள்ளைன்னு கேளுங்க, தூக்கத்துலயும் சொல்லுவாரு."

இரண்டு காலத்துக் குதிரைகளை ஒப்பிட அவரிடம் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. பவுனு ஓடியது மண் ரோட்டில், மயிலு ஓடுவது தார் ரோட்டில். பவுனு இழுத்தது இரும்புப் பட்டை போட்ட கட்டைச் சக்கரம். மயிலு இழுப்பது ஒரு ஆள் தூக்கி வைத்துவிடக்கூடிய டயர் வண்டி. பவுனுக்குக் கொள்ளும் புல்லும்தான். மயிலுக்கு முட்டை, பேரீச்சம்பழம், மாசத்துக்கு ஒரு தடவை கால்நடை டாக்டர். போக வர எட்டு மைலைப் பவுனு முப்பத்துமூன்று நிமிஷத்தில் முடித்தது. மயிலின் நல்ல நேரம் இருபத்தேழரை. "மண்ணுக்கு ரெண்டு கழிங்க, சக்கரத்துக்கு மூணு கழிங்க, தீனிக்கு ஒண்ணு கழிங்க. எவ்வளவு வருது? இருவத்தேழு. பவுனு அரை நிமிசம் முன்னால நிக்கிதா இல்லையா?" என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பவுனு முன்னால் வந்து நிற்கிற வரைக்கும் கழித்துப் பார்த்துச் செய்த கணக்கு அது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பவுனு வீரையாவின் குதிரை. செவலை நிறம், நெற்றியில் ஒரு பொட்டு. தரகர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய குட்டியை வாங்கி வந்து, கண்மாய் வற்றிய கோடையில் மணலில் நடக்கவிட்டு நடக்கவிட்டே பந்தயக் குதிரையாக்கினார் வீரையா. அவர் கையில் சவுக்கு இருக்கும், ஆனால் அது குதிரையைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தொடர்ந்து பத்தொன்பது பந்தயம் ஜெயித்தது பவுனு. அதற்கு முன்னால் எந்தக் குதிரையும் அப்படி ஜெயித்ததில்லை. தொண்ணூற்றொன்றில் நடந்த பத்தொன்பதாவது பந்தயத்தில், வண்டியில் வீரையாவுக்குப் பின்னால் துணையாக உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு வயது ஆள்தான் சத்தியமூர்த்தி. அந்த வண்டியில் இருந்தவர் என்பதற்காகத்தான் முதன்முதலில் அவர் கையில் மைக்கையே கொடுத்தார்கள்.

இங்கேதான் சங்கதி இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் குதிரைப் பந்தயத்தில் குதிரை ஓடலாம், பாயக்கூடாது. கால்கள் மாறி மாறி விழுகிற ஓட்டநடையிலேயே எட்டு மைலும் போக வேண்டும். வேகம் பொறுக்காமல் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பாய்ந்துவிட்டால், சாரதி அந்த இடத்திலேயே வண்டியை இழுத்து நிறுத்தி, ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் மேலே ஓட்ட வேண்டும். அதற்குச் சுத்துப் போடுவது என்று பெயர். யாராவது பார்த்துக் கொடி காட்டினாலும் சுத்துப் போட வேண்டும், காட்டாவிட்டாலும் போட வேண்டும். போடாமல் வந்த ஜெயிப்பு ஜெயிப்பில் சேராது.

தொண்ணூற்றொன்றில் திரும்பி வரும்போது, ஆறாவது மைலில், கண்மாய்க்கரை வளைவில் பவுனு பாய்ந்தது. இருபது தாவல் இருக்கும். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. கொடி பிடிக்கிற ஆள் வளைவுக்கு அங்குட்டு நின்றான். பின்னால் தேவகோட்டைக் குதிரை மூச்சு விடுவது கேட்டது. வீரையாவின் கை கடிவாள வாரை இழுக்கப் போய், நின்று, இழுக்காமலே தளர்ந்ததைச் சத்தியமூர்த்தி பார்த்தார். வளைவு முடியும்போது பவுனு ஓட்டநடைக்குத் திரும்பியிருந்தது. சுத்துப் போடவில்லை. வெற்றிக் கம்பத்தில் ஊரே வண்டியைத் தூக்கியது. அடுத்த வருஷம் பவுனுக்கு முன்னங்காலில் நரம்பு பிசகி, ஓட்டம் நின்றது. வளைவில் நடந்ததைப் பற்றி வீரையா ஒரு வார்த்தை பேசவில்லை, சத்தியமூர்த்தியும் கேட்கவில்லை.

மைக்கில் முதல் தடவை "பத்தொன்பது" என்று சொன்னபோது நாக்கு இடறியது. மூன்றாவது தடவை இடறவில்லை. பத்தாவது தடவையில் அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார். வீரையா இறந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. விஷயம் தெரிந்த உயிர் இப்போது ஒன்றுதான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தீபலட்சுமி வந்து சேர்ந்தாள்.

முப்பத்துநாலு வயது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி மயிலு என்று பெயர் வைத்து, பழக்குவதும் தானே, ஓட்டுவதும் தானே என்று கிளம்பியபோது சிரிக்காத ஆள் கிடையாது. சத்தியமூர்த்தியும் மைக்கில் இரண்டு கிண்டல் விட்டார். மயிலு ஜெயிக்க ஆரம்பித்தது. ஐந்து ஜெயித்தபோது அதிர்ஷ்டம் என்றார்கள். பத்து ஜெயித்தபோது டயர் வண்டி என்றார்கள். பதினைந்துக்கு மேல் யாருக்கும் வாய் வரவில்லை.

எப்படியாவது ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று ஒருநாள் விடிகாலை சத்தியமூர்த்தி கண்மாய்ப் பக்கம் போனார். தீபலட்சுமி வண்டியில் இல்லை. மயிலுக்குப் பக்கத்தில், வாரைப் பிடித்தபடி மணலில் கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். ஓடி முடித்ததும், கால்நடை டாக்டரிடம் கேட்டு வாங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் குதிரையின் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். சத்தியமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே கண்மாயில், அதே இடத்தில், ஓடி முடித்த பவுனின் நெஞ்சில் காதை வைத்து வீரையா அப்படித்தான் கண்ணை மூடி நிற்பார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத மனிதரும், படித்துப் பட்டம் வாங்கிய பெண்ணும், ஒருவரை ஒருவர் அறியாமலே அந்தச் சத்தத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்களே என்று நினைக்க நினைக்க அவருக்கு மலைப்பாக இருந்தது.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். "வாங்கண்ணே, எப்ப வந்தீக? பவுனு ஓடுனப்ப வண்டியில பின்னால உக்காந்திருந்தது நீகதான்னு சொன்னாக. ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்."

"கேளு ஆத்தா."

"வீரையா ஐயா எப்படிண்ணே பாயாம ஓட்டுனாரு? எனக்கு ஆறாவது மைலுதான் பயம். அங்குட்டுத்தான் இதுக்கு வெறி ஏறுது. பத்தொம்பது பந்தயத்துல ஒரு தடவ கூடவா பவுனு பாயல?"

சத்தியமூர்த்தி கண்மாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்ல ஆத்தா. ஒரு தடவகூட இல்ல."

"யப்பா!" என்றாள் தீபலட்சுமி. "அது குதிரையில்லண்ணே, சாமி."

அந்த வார்த்தை அவரை வீடு வரைக்கும் துரத்தியது. ஊருக்குச் சொன்னது பழைய பொய். இது புதுசு. அதுவும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுக் கேட்டவளிடம் சொன்னது. அன்றைக்கு பஸ்ஸில் யாரோ வழக்கம்போலத் தீர்ப்புக் கேட்டபோது அவருக்கு எரிச்சல் வந்தது. "டிக்கெட்ட எடுத்துட்டு உள்ள போய்யா" என்றார்.

ஆனி மாசம் கீழநெடுங்குளத்தில் புரவி எடுப்பு. மண் குதிரைகளை அய்யனார் கோயிலில் கொண்டுபோய் இறக்கிய மறுநாள் பந்தயம். மயிலு அதற்குள் தொடர்ந்து பத்தொன்பது ஜெயித்திருந்தது. இன்றைக்கு ஜெயித்தால் இருபது, பவுனைத் தாண்டிவிடும். சிவகங்கையிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் அழகுசுந்தரம். உரக்கடை வைத்திருக்கிறார், வீரையாவின் ஒரே மகன். ஜீப்பில் ஏறப் போன சத்தியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாரு பேரு இன்னைக்கு உங்க வாயிலதாண்ணே இருக்கு" என்றார். முகத்தில் ஏக்கமும் இருந்தது, பயமும் இருந்தது.

கொடி அசைந்தது. பதினொரு வண்டி கிளம்பின. முன்னால் போகிற ஜீப்பில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, சத்தியமூர்த்தி குரலை எடுத்தார். அன்றைக்கு மயிலு ஓடியதை என்னவென்று சொல்வது? கழுத்து அசையவில்லை. முதுகில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தால் சிந்தாது. நாலு குளம்பும் தார் ரோட்டில் விழுகிற சத்தம், நெல் குத்துகிற இரண்டு பெண்கள் கை மாற்றிப் போடுகிற உலக்கை மாதிரி ஒரு துளி பிசகாமல் கேட்டது. அவர் வர்ணனை தானாகக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் மைக்கை இறக்கிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் பந்தயத்தில் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

நாலாவது மைலில் திரும்பும்போது மயிலு முதலில். இரண்டாவது வந்த திருப்பத்தூர்க் குதிரை நூறு கஜத்துக்குப் பின்னால். ஆறாவது மைல், கண்மாய்க்கரை வளைவு. ஜீப் வளைந்தது, மயிலும் வளைந்தது. பின்னால் வந்த வண்டி காட்டுக்கு அங்குட்டு மறைந்தது. ஜீப் டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மயிலு பாய்ந்தது.

மூன்றே மூன்று தாவல். முன்னங்கால் இரண்டும் சேர்ந்து எழும்பியதை அவர் கண்ணால் பார்த்தார். வண்டிக்கு வெளியே வேறு ஒரு உயிரும் பார்க்கவில்லை. மைக் தானாக வாய்க்கு வந்தது. 'பாஞ்சிருச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பவுனின் பேர் பத்திரம். சொல்லத்தான் வாயைத் திறந்தார், சந்தோஷமாகவே திறந்தார். சத்தம் வரவில்லை. எந்த யோக்கியதையில் சொல்வது? இதே வளைவில் இருபது தாவலுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவன், மூன்று தாவலுக்குக் கத்துவதா? சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் திறந்த வாயோடு இருந்தபோது, தீபலட்சுமி வாரை இழுத்தாள்.

வண்டி நின்றது. துணையாக உட்கார்ந்திருந்த அவள் தம்பி விக்கி, "அக்கா, யாரும் பாக்கலக்கா, போக்கா!" என்று அலறினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குதிரையின் தலையை இடப்பக்கம் திருப்பி, அந்த ஆளில்லாத ரோட்டில், அவசரமில்லாமல், ஒரு முழு வட்டம் சுற்றினாள். வட்டம் முடியும் முன்னே திருப்பத்தூர்க் குதிரை வளைவில் திரும்பி, பக்கவாட்டில் ஒதுங்கித் தாண்டிப் போனது. அதன் சாரதி, மயிலு மிரண்டுவிட்டது என்று நினைத்துக் கூவிக்கொண்டே போனான்.

சத்தியமூர்த்தி எத்தனை பந்தயம் பார்த்திருக்கிறார்! எவ்வளவோ வேகம், எவ்வளவோ வெற்றி. இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. கும்பிட வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மைல் மயிலு துரத்திய துரத்தலைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒரு தாவல் இல்லை, ஓட்டநடையிலேயே இடைவெளியைக் கடித்துக் கடித்துத் தின்றது. கம்பத்தில் திருப்பத்தூர்க் குதிரை முதலில், மயிலு ஒரு கழுத்தளவு பின்னால்.

கூட்டம் ஆளுக்கொன்று பேசியது. மிரண்டுவிட்டது என்றது ஒரு கூட்டம். பொம்பளை கையில் எத்தனை நாளைக்கு நிற்கும் என்றது இன்னொரு கூட்டம். தீபலட்சுமி யாருக்கும் பதில் சொல்லாமல் குதிரைக்கு வேர்வை வழித்துக்கொண்டிருந்தாள். விக்கி தள்ளிப் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சத்தியமூர்த்தி அவளிடம் போனார்.

"ஏன் ஆத்தா சுத்துன? நான் ஒருத்தன்தான பாத்தேன்."

"நீக பாத்தீகளா?" என்றாள், ஆச்சரியமாக. "நான் கவனிக்கல. யாரு பாத்தா என்னண்ணே, குதிரைக்குத் தெரியுமே. ஒரு தடவ விட்டுட்டா, பாஞ்சாத்தான் செயிக்கலாம்னு அது கத்துக்கிடும். அப்புறம் ஆயுசுக்கும் அதத் திருத்த முடியாது."

அவள் குதிரையைத்தான் சொன்னாள். ஒரு தடவை விட்டுவிட்டு, முப்பத்துமூன்று வருஷமாகத் திருந்தாமல் போன பிராணி யாரென்று சத்தியமூர்த்திக்குத் தெரியாதா?

மேடையில் பரிசு கொடுத்து முடித்ததும் அவர் மைக்கை வாங்கி, ஆறாவது மைலில் நடந்ததைச் சொன்னார். மயிலு மிரளவில்லை, மூன்று தாவல் பாய்ந்தது, யாரும் பார்க்காத இடத்தில் அந்தப் பெண் தானாக நிறுத்திச் சுத்துப் போட்டாள். கைதட்டல் எழுந்தது. தட்டி ஓயும்போது முன்வரிசையிலிருந்து அழகுசுந்தரம் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்ல பிள்ளை. நான் இல்லேங்கல. ஆனா ஆறாவது மைலுல பாயாத குதிரை ஒண்ணு இந்த ஊருல இருந்துச்சு. பத்தொம்பதும் சுத்தம். சத்திண்ணே, நீக கூட இருந்தவுக. எப்பவும் சொல்றத இன்னைக்கும் சொல்லுங்க. எது பெருசு?"

கூட்டம் ஆரவாரித்தது. பவுனு, பவுனு என்று பின்னாலிருந்து குரல்கள். சத்தியமூர்த்தி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே நிற்பது வீரையாவின் மகன். அந்த மனிதருக்கு அப்பா விட்டுப்போன ஒரே பெருமை அதுதான். தனக்கும் அதுதான். அது போனால் நாளைக்குத் தான் வெறும் கண்டக்டர்.

"பவுனு பதினெட்டுத்தான்" என்றார்.

நிறுத்தாமல் மேலே சொன்னார்.

"பத்தொன்பதாவது பந்தயத்துல அதே வளைவுல பவுனு பாஞ்சுச்சு. இருபது தாவல். சுத்துப் போடல. வண்டியில இருந்த ரெண்டு பேருல ஒருத்தன் நான். இத்தன வருசமா உங்களுக்குப் பொய் சொல்லிட்டேன். இந்தப் பிள்ளை நேருக்கு நேரா கேட்டுச்சு, அதுக்கிட்டயும் பொய்தான் சொன்னேன்." குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து ஊர் கேட்டதில்லை.

அழகுசுந்தரம் மேடை ஏறி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இரண்டு பேர் குறுக்கே போனார்கள். அவர்களை விலக்கிவிட்டு, சத்தியமூர்த்தியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, சுவிட்சை அணைத்தார்.

"நீக மைக்குல பத்தொம்பதுன்னு ஆரம்பிச்சாலே எங்கப்பாரு எந்திரிச்சுப் போயிருவாரு" என்றார், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "அடக்கமுன்னு நெனச்சேன். ஊரே அப்படித்தான் நெனச்சது. இருபத்திரண்டு வருசம் அந்த மனுசனச் சொல்லவிடாமப் புகழ்ந்திருக்கீகளேண்ணே. நீக ஒரு நாளு வாய மூடியிருந்தா, அவரே இந்த மேடையில ஏறிச் சொல்லியிருப்பாரு."

சத்தியமூர்த்திக்குத் தலை நிமிரவில்லை. பொய் சொன்னதற்கு வெட்கப்பட்டிருந்தார், இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க வீரையாவுக்கு மாலை போடுவதாக நினைத்து அந்த மனிதரின் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்.

அழகுசுந்தரம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டு, மைக்கை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். "எங்கப்பாரு பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல."